தோல் டாக்டரின் பன்னிரண்டு எண்கள்

“ஆளையே பாக்க வேண்டியதில்ல சார். இந்தப் பன்னெண்டு நம்பர் போதும். உலகத்துல இருக்கற அத்தனை பேருக்கும் தோல் போத்திடுவேன்!”

எண்களை எழுதி மானிட்டருக்குக் கீழே ஒட்டியிருக்கும் கெட்டி அட்டையைத் தட்டியபடி தோல் டாக்டர் இதைச் சொல்லும்போது, படைப்புத் தொழிலை இதுவரை நடத்தி வந்தவருக்கு ஓய்வு கொடுத்துவிடலாம் போலத் தோன்றும். இவர் மருத்துவம் படித்தவரல்ல. படங்களுக்காகக் கணினியில் செய்யப்படும் மனிதர்களுக்குத் தோல் போடுகிறவர். மேலே எண்ணெய்ப் பளபளப்பு, நடுவே நிறம், அடியில் ரத்தச் சிவப்பு. எதை எவ்வளவு ஏற்றுவது என்பதுதான் அந்தப் பன்னிரண்டு எண்கள்.

வீட்டின் பின்னறைதான் ஆஸ்பத்திரி. வெளிச்சம் வேலையைக் கெடுத்துவிடும் என்று ஜன்னலில் எப்போதும் கனத்த திரை. ஆறிப்போன டீயையும் ஊதி ஊதித்தான் குடிப்பார். எதிரே வருகிறவரின் முகத்தைப் பார்க்கும் வழக்கம் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரரைச் செருப்பை வைத்துத்தான் அடையாளம் கண்டுகொள்வார்.

இப்பேர்ப்பட்ட மேதைக்குச் சோதனை ஒரு கறுப்பு நிறத்து நடிகையின் உருவில் வந்தது. படத்தில் பாதிக் காட்சிகளில் அவருடைய கணினி முகம்தான் நடிக்க வேண்டும். டாக்டர் அலட்டிக்கொள்ளவில்லை. வெளுத்த தோலுக்கான எண்களை எடுத்தார்; மொத்தத்தையும் ஒரே இழுப்பில் இருட்டாக்கினார்; அனுப்பிவிட்டார்.

“இது நான் செத்ததுக்கப்புறம் எடுத்த போட்டோவா?” என்று நடிகையிடமிருந்து பதில் வந்தது.

பளபளப்பைக் கொஞ்சம் தாராளமாக ஏற்றி மறுபடி அனுப்பினார். “இப்ப பாலிஷ் போட்ட ஷூ மாதிரி இருக்கேன்.”

திங்கட்கிழமைக்குள் சரிவராவிட்டால் வேலை வேறொருவர் கைக்குப் போய்விடும் என்று தயாரிப்பாளர் சொல்லிவிட்டார். பத்தொன்பது வருஷமாகச் சேர்த்த பெயர் ஒரு பெண்ணின் கன்னத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை மனைவி டீயோடு உள்ளே வந்தார். அவர் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுப்பவர். தேடாமல் நரம்பைப் பிடித்துவிடுவதால் அங்கே அவருக்கு ‘ஒரே குத்து’ என்று பட்டம். அவரும் நல்ல கறுப்பு. மானிட்டரைப் பார்த்தவர் டீயை வைக்க மறந்து நின்றார்.

“ஏங்க, இந்தப் பொண்ணுக்கு ரத்தமே இல்லையே! முதல்ல அட்மிட் பண்ணுங்க.”

“கறுப்பா இருக்கறவங்களுக்கு ரத்தம் எங்க வெளிய தெரியப்போகுது?”

“தெரியாமத்தான் நான் தினம் அறுபது பேரைக் குத்தறேனா? கீழ் இமையை இழுத்துப் பாருங்க. உதட்டுக்கு உள்பக்கம் பாருங்க, உள்ளங்கையைப் பாருங்க. விளக்கைக் குறைக்கறேன்னு ரத்தத்தையும் சேர்த்து அணைச்சுட்டீங்க.”

சொன்னதோடு நிற்கவில்லை. ஜன்னல் திரையைச் சரேலென்று விலக்கி, கால் ஆடும் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார்.

டாக்டர் பார்த்தார். கன்னமேட்டில் வானத்தின் நீலம் ஒரு கீற்றாக விழுந்திருந்தது. பளபளப்பு முகம் முழுக்க வழியவில்லை. மூக்கு நுனியிலும் நெற்றியிலும் கூர்மையாக நின்றது. வெளிச்சம் முடிந்து நிழல் தொடங்கும் இடத்தில் கருமை இல்லை, சுடுமண்ணின் சிவப்பு இருந்தது. ஜன்னல் பக்கத்துக் காதுமடலில் வெயில் ஊடுருவிக் கனன்றது.

“பதினாலு வருஷம் கழிச்சு இன்னிக்குத்தான் பொண்ணு பாக்க வந்திருக்கீங்க,” என்றார் மனைவி. “சீக்கிரம் பாருங்க, ஸ்டூல் என்னைத் தள்ளி விட்டுடும்.”

டாக்டர் நிறத்தை மட்டும் ஆழமாக்கினார். பறித்த ரத்தத்தைத் திருப்பிக் கொடுத்தார். பளபளப்பை அதனதன் இடத்துக்கு அனுப்பிவைத்தார்.

திங்கட்கிழமை நடிகை ஒரே வரி எழுதியிருந்தார்: “வந்துட்டேன். ரொம்ப நன்றி சார்.”

தயாரிப்பாளர் போனில், “எப்படிப் பண்ணீங்க?” என்று கேட்டபோது, அட்டையைத் தட்டப் போன கை பாதியில் நின்றது.

“வீட்டுல சொன்னாங்க,” என்றார் டாக்டர்.

புதன்கிழமை அடுத்த காட்சி வந்தது: அதே முகம், மழையில் நனைந்தபடி. சாயங்காலம் வேலை முடிந்து சொட்டச் சொட்ட வீடு வந்த மனைவி துண்டுக்குக் கையை நீட்டினார்.

“துடைச்சுடாத! ரெண்டே நிமிஷம்!”

“எனக்கு ஜுரம் வந்தா யாரு வந்து குத்துவா?” என்று முனகிக்கொண்டே அவர் ஜன்னலோரம் வந்து உட்கார, ஸ்டூல் ஆடியது.

டாக்டர் மானிட்டருக்குக் கீழிருந்த அட்டையைப் பிய்த்தெடுத்தார். நான்காக மடித்தார். மண்டியிட்டு, ஸ்டூலின் குட்டைக் காலுக்கு அடியில் அழுத்திச் செருகினார்.