இரண்டாவது குப்பி

ரமணனுக்கு வராத நோய் இல்லை. வந்த நோயும் இல்லை. ஐம்பத்து நான்கு வயதுக்குள் மூளையில் கட்டி, தொண்டையில் புற்று, இதயக் குழாயில் அடைப்பு, இரண்டு முறை சிறுநீரகம் என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். டாக்டர்கள்தான் ஒன்றையும் பார்க்கவில்லை. "யூ ஆர் ஓகே, மிஸ்டர் ரமணன்" என்று கைகுலுக்கி அனுப்பிவிடுவார்கள். அந்த ஓகேக்கு இரண்டு நாள் ஆயுசு. மூன்றாம் நாள் காலையில் பல் விளக்கும்போதே, டாக்டர் பார்த்தது நம்முடைய எக்ஸ்ரேதானா, வேறு யாருடையதையாவது பார்த்துவிட்டுச் சொன்னாரா என்று ஆரம்பித்துவிடும்.

சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக் முனையத்திலிருந்து அவர் பேருந்து ஓட்டுகிறார். நல்ல ஓட்டுநர், வயதானவர்கள் உட்கார்ந்த பிறகுதான் வண்டியை எடுப்பார். சிவப்பு விளக்கில் நின்றதும் வலது கை தானாகப் போய் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளும். பச்சை விழுவதற்குள் நாடி சரியாக இருந்தால் அடுத்த சிக்னல் வரை உயிர் உண்டு. ஒருநாள் வண்டி நிறையப் பள்ளிப் பிள்ளைகள் நின்றுகொண்டிருக்க, அவருக்கு நெஞ்சு இறுகி உள்ளங்கை வியர்த்துவிட்டது. வண்டியை ஓரங்கட்டவும் முடியாது, எழுந்து ஓடவும் முடியாது. ஒவ்வொரு நிறுத்தமாக நின்று, கதவைத் திறந்து, மூடி, முனையம் வரை ஓட்டிக்கொண்டுபோய்ச் சேர்த்தார். கடைசியாக இறங்கிய பையன், "தேங்க் யூ அங்கிள்" என்றான். அங்கிள் இருக்கையிலிருந்து எழ முடியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். கிளினிக்கில் வழக்கம்போல ஓகே.

இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். ஓய்வறையில் சக ஓட்டுநர்களும் சிரித்தவர்கள்தான். ஆனால் அதே ஓய்வறையில் அவருக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட சின்னராசு, வயிற்றைத் தடவிக்கொண்டு "ஒண்ணுமில்லண்ணே, கேஸ்" என்று சொல்லிக்கொண்டிருந்தவன், போன வருஷம் பெருங்குடல் புற்றில் போய்ச் சேர்ந்தான். அதிலிருந்து ரமணனின் மற்ற நோய்களெல்லாம் ஒதுங்கி நின்று வயிற்றுக்கு வழிவிட்டன. சாப்பிட்டால் பயம், சாப்பிடாவிட்டால் பயம், கழிவறைக்குப் போனால் அதைவிடப் பெரிய பயம்.

வீட்டில் இந்தப் பயத்தை எல்லாம் வாங்கிக்கொள்பவள் மனைவி லீலா. சிராங்கூன் சாலையில் ஒரு புடவைக் கடையில் விற்பனைப் பெண்ணாக இருக்கிறாள். நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து சமையலைத் தொடங்கினால், இவர் கழுத்தை நீட்டிக்கொண்டு அடுப்படிக்கு வந்துவிடுவார். "இங்க தொட்டுப் பாரேன். ஏதோ உருள்ற மாதிரி இல்ல?" அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு அழுத்திப் பார்ப்பாள். "போன வாரமும் இருந்துச்சு. அது உங்க எலும்புங்க. அதையும் எடுத்துட்டா தலை நிக்காது." முப்பது வருஷக் குடித்தனத்தில் அவருடைய எலும்பு, நரம்பு, மச்சம் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. அலுத்துக்கொள்வாள், கிண்டல் செய்வாள், ஆனால் ஒருநாளும் தொட்டுப் பார்க்காமல் அனுப்பியதில்லை.

இங்கே ஐம்பதைத் தாண்டியவர்களுக்குப் பெருங்குடல் சோதனைக்கான சிறு பொட்டலத்தை மருந்துக் கடையில் இலவசமாகத் தருகிறார்கள். வருஷத்துக்கு ஆளுக்கு ஒன்றுதான். அதில் இரண்டு குப்பிகள் இருக்கும். இரண்டு வெவ்வேறு நாளில் மலத்தைக் குச்சியால் தொட்டு, ஒவ்வொரு குப்பியிலும் போட்டு மூடி, பெயர் ஒட்டிய உறையில் வைத்துத் தபாலில் போட்டால், இரத்தக் கசிவு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வார்கள். ரமணன் தனக்கு ஒன்றும் லீலாவுக்கு ஒன்றுமாக வாங்கிவந்தார். தன்னுடையதைப் பூசை செய்வது போலப் பயபக்தியோடு முடித்து அனுப்பினார். லீலா மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு குப்பியை முடித்தாள். மற்றது நாளைக்கு என்றாள். தீபாவளி நெருக்கத்தில் கடையில் கூட்டம் நெட்டித் தள்ளியது; அந்த ‘நாளைக்கு’ வரவேயில்லை. "ஒண்ணு போதும்லா, நீங்களே போஸ்ட் பண்ணிடுங்க" என்று சொல்லிவிட்டு வேலைக்கு ஓடினாள்.

ரமணனுக்கு முடிவு வந்தது: ஒன்றுமில்லை. அன்றைக்குத் தேக்கா சந்தையிலிருந்து பிரியாணி வாங்கிவந்து, பாசிர் ரிஸ்ஸில் இருக்கும் மகள் அனிதாவையும் வரச்சொல்லி, மூவருமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மூன்றாம் நாள் பல் விளக்கும்போது வழக்கமான கேள்வி வந்தது. அந்த இரண்டு நாளும் கசியாமல் இருந்து, மறுநாள் கசிந்திருந்தால்? அடுத்த பொட்டலத்துக்கு இன்னும் ஒரு வருஷம். சின்னராசுவுக்கு ஒரு வருஷம் கிடைக்கவில்லையே. கண்ணாடிக்குக் கீழே தட்டில் லீலாவின் உறை, தபாலில் போடாமல், அப்படியே இருந்தது. உள்ளே அவள் முடித்த குப்பி ஒன்று, காலியாக ஒன்று.

புத்திசாலி மனிதன் முட்டாள்தனம் செய்யும்போது அதற்கும் நாலு நியாயம் வைத்திருப்பான். வீணாகப் போகிற குப்பிதானே. ஒன்றுமில்லை என்று வந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஏதாவது என்று வந்தால் அப்போது உண்மையைச் சொல்லிக்கொள்ளலாம். கதவைத் தாழிட்டு, மனைவியின் இரண்டாவது குப்பியில் தன்னுடையதைப் போட்டு மூடி, தேதி எழுதி, வேலைக்குப் போகிற வழியில் தபால் பெட்டியில் போட்டுவிட்டார். அன்றைக்கு முழுக்கச் சிவப்பு விளக்குகளில் கை மணிக்கட்டுக்குப் போகவேயில்லை.

தொலைபேசி அழைப்பு லீலாவுக்குக் கடையில் வந்தது. அவள் அன்று சீக்கிரமே வீடு வந்து, கைப்பையைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்தாள். "நர்ஸ் பேசினாங்க. ரத்தம் தெரியுதாம். பயப்படாதீங்க, மூலமாக்கூட இருக்கலாம்னாங்க. கேமரா விட்டுப் பாக்கணுமாம்." பிறகு அவரை நிமிர்ந்து பார்த்து, "எனக்காங்க?" என்றாள். காய்ச்சல் வந்தாலும் இஞ்சித் தேநீரோடு கடைக்குப் போகிறவள் அவள்.

அந்த நிமிஷம் ரமணனுக்குள் முதலில் எழுந்தது பயம்கூட இல்லை. பார்த்தாயா, நான் அப்போதே சொன்னேனே என்கிற ஒருவித வெற்றி. இத்தனை வருஷமாக எல்லா டாக்டர்களும் தவறு, அவர் ஒருவர்தான் சரி. அதைச் சொல்லிக்கொள்ளத்தான் ஆள் இல்லை. அதற்குப் பின்னால் பயம் வந்து காலைப் பிடித்தது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். "தண்ணி குடிக்கிறியா?" என்று கேட்டார்.

மறுநாள் சொல்லலாம் என்றிருந்தார். மறுநாளும் முடியவில்லை. சொன்னால் லீலா தப்பித்துவிடுவாள், அது அவருக்குத் தெரியும். ஆனால் சொன்ன கணத்திலேயே நோய் அவருடையதாகிவிடும். லீலாவின் பேரில் இருக்கும்வரை அது எங்கோ ஒரு காகிதத்தில் இருக்கிறது, இவர் குடலில் இல்லை. இப்படியும் ஒரு மனிதன் நினைப்பானா என்று அவரே தன்னைக் காறித் துப்பிக்கொண்டார். துப்பிவிட்டு மறுபடி அதையே நினைத்தார். ஓட்டுநர் இருக்கையில் கண்ணாடித் தடுப்புக்குள் உட்கார்ந்தால் யோசனை, வீட்டுக்கு வந்தால் லீலாவின் முகம். இரண்டுக்கும் நடுவில் மூச்சுவிட இடமில்லை.

லீலா அழவில்லை. கிண்டல் செய்வதை நிறுத்திவிட்டாள், அவ்வளவுதான். தொலைக்காட்சியைப் போட்டுவிட்டு அதைப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பாள். துணி துவைக்கும் இயந்திரத்தில் எந்தப் பொத்தானை அமுக்கவேண்டும் என்று ஒருநாள் அவரைக் கூப்பிட்டுக் காட்டினாள். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக நேர்ந்துகொண்டாள். ரமணனுக்குச் சோறு இறங்கவில்லை. கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. அதைப் பார்த்த அனிதா, "அப்பாவப் பாருங்கம்மா, உங்கள நெனச்சு நெனச்சே எளைச்சுட்டாரு" என்று கண்கலங்கினாள். லீலா அவருடைய தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். ரமணன் தலை குனிந்து அதைச் சாப்பிட்டார்.

கேமரா சோதனைக்கு முந்தைய நாள், ஞாயிற்றுக்கிழமை, இப்போதே பால்குடத்துக்குச் செம்பு வாங்கி வைத்துவிடவேண்டும் என்றாள். தைப்பூசத்துக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருக்கிறது. இப்போது எதற்கு என்று அவர் கேட்கவில்லை. லிட்டில் இந்தியாவில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். வார விடுமுறையில் வந்த கட்டுமானத் தொழிலாளர்கள் நடைபாதை கொள்ளாமல் நின்று ஊருக்கு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார்கள். பாத்திரக் கடையில் லீலா ஒரு பித்தளைச் செம்பைத் தூக்கிப் பார்த்து, தலைமேல் வைத்துப் பார்த்து, வாங்கினாள். கால் வலிக்கிறது என்றதால் பக்கத்துச் சந்தில் ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்தார்கள். சோதனைக்காகக் காய், பழம் எல்லாம் நிறுத்தியிருந்தாள். அவருக்குத் தோசை சொல்லிவிட்டுத் தான் தேநீரோடு நிறுத்திக்கொண்டாள்.

"ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க" என்றாள். "எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா உங்க கழுத்த யாரு தொட்டுப் பாப்பா? அனிதாவுக்குப் பொறுமை கெடையாது. ஒரே ஏச்சுதான் ஏசுவா. உங்களுக்கு அது தாங்காது. அதான் ஒரே யோசனையா இருக்கு."

ரமணன் தோசையைப் பிய்த்தபடியே உடைந்துபோனார். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"லீலா, அது நீ இல்ல. நான்."

"என்னங்க சொல்றீங்க?"

"ஒன் உறையில ரெண்டாவது பாட்டில் காலியா இருந்துச்சுல்ல. அதுல நான்... என்னோடத போட்டேன். ஒம் பேர்ல அனுப்பிட்டேன்."

லீலாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது முகம் சிவந்தது. "எதுக்கு?"

"என்னோடதுல ஒண்ணுமில்லன்னு வந்துச்சா, நம்ப முடியல. இன்னொரு தடவ பாத்துக்கலாம்னு..."

"மூணு வாரம்" என்றாள் அவள். குரல் உயரவில்லை. "மூணு வாரமா நான் படற பாட்டப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தீங்க. வாஷிங் மெஷின் காட்டிக் குடுத்தப்பவும் பக்கத்துலதான் நின்னீங்க."

"சொல்லணும்னுதான் இருந்தேன். வாய் வரல. சொன்னா எனக்குன்னு ஆயிடும்னு பயம். அடிக்கணும்னா இங்கயே அடிச்சிடு. நாளைக்கு நீ போக வேணாம். நானே போயி நர்ஸ்கிட்ட சொல்லிடறேன், என்னையப் பாக்கட்டும். அது என்னோடதுதான்."

சொல்லி முடித்ததும் மூன்று வாரத்தில் முதல்முறையாக அவருக்கு மூச்சு அடிவயிறு வரை போய் வந்தது. புற்றுநோயாகவே இருக்கட்டும், லீலா தப்பித்தாள். தன்னைப் பற்றிக் கொஞ்சம் நல்லவிதமாகக்கூட நினைத்துக்கொண்டார். லீலா தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தாள். அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களோடதுதான்னு எப்படித் தெரியும்?"

"என்னது?"

"ரெண்டு பாட்டில் போச்சு. ஒண்ணு நீங்க. இன்னொண்ணு நான்தானே செஞ்சேன்? எதுல ரத்தம்னு நர்ஸ் சொல்லவே இல்லியே."

ரமணன் கையிலிருந்த தோசைத் துண்டைத் தட்டில் வைத்தார். இந்த மூன்று வாரத்தில், ஒவ்வொரு சிக்னலிலும், ஒவ்வொரு கவளத்திலும், இதை எத்தனை விதமாகப் புரட்டிப் பார்த்திருக்கிறார். எந்தப் பக்கம் அறுப்பார்கள், எவ்வளவு நாள் தாங்கும், சவப்பெட்டிக்குப் பின்னால் யார் யார் வருவார்கள் என்பதுவரை யோசித்த மனிதனுக்கு, முதல் குப்பி லீலாவுடையது என்பது ஒருமுறைகூட நினைவுக்கு வரவில்லை. இந்த மூன்று வாரம் மட்டுமா? முப்பது வருஷத்தில் இவளுக்கு ஒன்று வந்துவிடுமோ என்று ஒருநாள் பயந்திருக்கிறாரா என்று தேடினார். அப்படி ஒரு நாளும் அகப்படவில்லை.

"நாளைக்கு நான் போறேன்" என்றாள் லீலா, செம்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு. "நீங்களும் வந்து சொல்லுங்க. ரெண்டு பேரையும் பாக்கட்டும்."

அவளுக்கு இருந்தால்? அந்த நினைப்பு வந்ததும், இதற்கு முன் வந்த பயமெல்லாம் என்ன பயம் என்று இருந்தது. மேசைக்கு மேலாகக் கையை நீட்டி அவள் கையைப் பிடிக்கப் போனார்.

அவள் கொடுக்கவில்லை.