முன்னால் ஒற்றை முடிச்சு

போன ஞாயிறு, மதியம் பன்னிரண்டு மணி வெயிலில் எனக்கு உடம்பெல்லாம் சில்லிட்டுப் போனது. காய்ச்சல் இல்லை. காரணம்... ஆயில்!

உங்களுக்குத்தான் தெரியுமே, எழுதுவது போக எனக்கு ஒரே பைத்தியம் — ரிமோட் கார் ரேஸ். ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனி துணி காயப்போடும் மைதானம்தான் எங்கள் ட்ராக். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் நாலு பேர் வருவார்கள். இரண்டு பக்கமும் வெள்ளைத் துணி வரிசையாகத் தொங்க, நடுவில் எங்கள் குட்டிக் கார்கள் சீறும்.

தண்ணீர்த் தொட்டி வளைவில் எல்லோரும் வேகத்தைக் குறைப்போம். ஞானராஜ் மட்டும் குறைக்க மாட்டான். மில் ஃபிட்டர். என் நண்பன், ட்ராக்கில் எதிரி.

ரகசியம் டிஃபரன்ஷியல் ஆயிலில். வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கத்தைவிட வேகமாகச் சுற்ற வேண்டுமே? அதைப் பார்த்துக்கொள்ளும் பல்சக்கரப் பெட்டிக்குள் ஊற்றுவது அது. முன்சக்கரப் பெட்டியில் கெட்டியாக ஊற்றினால் கார் நேராகப் பாயும், திரும்ப அடம்பிடிக்கும். மெல்லியது என்றால் சட்டென்று திரும்பும்.

யார் எதை ஊற்றுகிறோம் என்று மூச்சு விட மாட்டோம். பாட்டில் வாங்கியதும் லேபிளைக் கிழித்துவிடுவோம். ஞானராஜ் அடையாளத்துக்கு பேண்டேஜ் நூல் கட்டுவான். மெல்லியதற்கு ஒற்றை முடிச்சு, கெட்டிக்கு மூன்று.

இரண்டு மாதத்துக்கு முன் மாரடைப்பில் போய்விட்டான்.

போன ஞாயிறு அவன் மனைவி எஸ்தர், காரையும் பாட்டில்களையும் பையில் போட்டுக்கொண்டு மைதானத்துக்கே வந்துவிட்டார்.

"அண்ணே, அவிய ஓட்டுன மாதிரியே தொட்டி வளைவுல ஒரு சுத்து ஓட்டிக் காமிங்க. அந்தச் சத்தத்தக் கேக்கணும். பொறவு பெட்டியில வச்சுப் பூட்டிருதேன்."

மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? முன்பெட்டியில் ஆயில் கசிந்து காலியாகியிருந்தது. நான் பெரிய மேதாவி அல்லவா? மூன்று முடிச்சை ஊற்றினேன்.

வளைவு வந்தது. கார் திரும்பவே இல்லை. நேராகத் துணிக்குள் பாய்ந்து, உடம்பு முழுக்க வெள்ளை சுற்றிக்கொண்டு கிடந்தது. உள்ளே மோட்டார் மட்டும் முனகியது. ஞானராஜைக் கடைசியாகப் பார்த்தபோதும் கழுத்துவரை வெள்ளைத் துணிதான்.

"முன்னால ஒத்த முடிச்சு ஊத்துங்கண்ணே" என்றார் எஸ்தர்.

"ஒனக்கு எப்படித் தங்கச்சி தெரியும்? அவன் சொல்லியிருக்கானா?"

"இப்பத்தான சொன்னாவ." துணி வரிசையைப் பார்த்தபடி நிதானமாகச் சொன்னார். "ஒங்களுக்குக் கேக்கலையா?"

காற்று சுத்தமாக இல்லை. ஆனால் ஒரே ஒரு வரிசைத் துணி ஆடியது. கார் மோதியதால் இருக்கும் என்று நினைத்தேன். கார் மோதியது அடுத்த வரிசையில்.

ஒற்றை முடிச்சுக்கு ஆயிலை மாற்றினேன். இந்த முறை வளைவில் வேகத்தைக் குறைக்கவில்லை. கார் வழுக்கிக்கொண்டே திரும்பியது... அதே சத்தம்! எஸ்தர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

அத்தோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "வேற என்ன சொன்னான்?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"சிரிச்சாவ. 'தொட்டிக்கிட்ட வச்சு அன்னைக்கே சொன்னேன், நம்பாம வீட்டுக்குப் போயி இன்னும் கெட்டியா ஊத்திட்டானே'ன்னாவ."

உண்மை. போன தீபாவளிக்கு முந்தின ரேஸில், மற்றவர்கள் டீ குடிக்கப் போனபோது சொன்னான்: "ஏலே, முன்னால லேசானத ஊத்துலே. அம்புட்டுத்தான்!" ஜெயிக்கிறவன் உண்மையைச் சொல்வானா? கவிழ்க்கப் பார்க்கிறான் என்று, வீட்டுக்குப் போய் இன்னும் கெட்டியாக ஊற்றினேன்.

என்னிடம் சொன்னதை அவன் எஸ்தரிடமும் சொல்லியிருக்கலாம். சரி. ஆனால் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு நான் ஊற்றியது யாருக்குத் தெரியும்?

நேற்று என் காரிலும் மாற்றிவிட்டேன். நம்பிட்டேண்டா ஞானராஜ்... போதும், நீ தூங்கு!