பல்கனிப் பெட்டியில் ஒரு கூடு

தூளுக்கு மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தபோது கௌரியின் அழைப்பு வந்தது. "அன்ரி, அப்பா போயிட்டார்." ஆஸ்பத்திரியில் சேர்த்து ஒரு கிழமைதான். அடுப்பை அணைத்துவிட்டு நான் முதலில் பார்த்தது பக்கத்து வீட்டுப் பல்கனியை. பெட்டி அங்கேயே இருந்தது.

இந்தப் பனிநாட்டில், கோட்-டெ-நெய்ஜ் பகுதியில், எங்கள் மாடியிலேயே குடியிருந்தவர் கௌரியின் அப்பா செல்வம் அண்ணை. அறிமுகமே சண்டையில்தான். ஒரு யூன் மாதக் காலை, கட்டிட வாசல் சுவரில் உள்ளங்கை அகலத்தில், இளம்பச்சையாய், இரண்டு நீள வாலோடு ஒன்று ஒட்டியிருந்தது. நான் செருப்பைக் கழற்றினேன். அண்ணை பாய்ந்து குறுக்கே நின்றார்.

"அடியாதை பிள்ளை! லூனா விட்டில். பாவம், அதுக்கு வாயே இல்லை."

"அப்ப சாப்பாடு?"

"புழுவா இருக்கேக்கை பேர்ச் மரத்து இலை திண்டதுதான். சிறகு முளைச்சா ஒரு கிழமை. துணை தேடும், முட்டையிடும், முடிஞ்சுது."

"இந்தக் கட்டிடத்திலை வாய்காட்டாத சீவன் இது ஒண்டுதான் அண்ணை. கவனமா வைச்சிருங்கோ."

உண்மையாகவே வைத்திருந்தார். அது இட்ட முட்டைகளைப் பொரிக்கவிட்டு, அதன் பிறகு ஒவ்வொரு கோடையும் மலைப்பக்கம் நடந்துபோய்ப் புழுக்களுக்கு இலை கொண்டுவருவார். "சம்பந்தி வந்தாலும் உங்கட வீட்டிலை இப்பிடி விருந்தில்லை" என்பேன். இலையைச் சுற்றிப் புழு கூடு கட்டியதும், சருகோடு பெட்டியிலிட்டுப் பல்கனியில் விட்டுவிடுவார். காட்டிலும் கூடு இலையோடு விழுந்து, பனிக்கடியில்தான் மாரியைக் கழிக்குமாம். இந்த முறை தேறியது ஒரே ஒரு கூடு.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்தார். "பிள்ளை, பெட்டியை உள்ளை எடுக்காதை. சூட்டிலை முந்தி வெளிக்கிட்டால் புழுவுக்குத் தளிரும் இராது, துணையும் இராது."

"முதல்லை நீங்கள் இஞ்சையிருந்து வெளிக்கிடுங்கோ, பேந்து பெட்டியைப் பாப்பம்."

அவர் சிரிக்கவில்லை. "எடுக்கமாட்டன் எண்டு சொல்லு." சொன்னேன்.

தகனம் முடிந்த மறுநாள், செத்த வீடு கழுவவென்று ஆற்றுக்கு அக்கரைப் புரோசார்ட்டிலிருந்து அவருடைய மூத்த சகோதரி பூரணம் அக்கா வந்தார். கறுப்புக் குப்பைப் பையோடு நேரே பல்கனிக்குப் போனார்.

"செத்த வீட்டிலை சருகு வைக்கப்படாது."

நான் பெட்டிக்கு முன்னால் நின்றேன். பகிடி ஒன்றும் வரவில்லை. "அக்கா, உள்ளை உயிர் இருக்கு."

"பனி முழுக்க வெளியிலை கிடந்ததுக்கு உயிரோ? தள்ளு!"

கௌரி எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். அக்கா என் கைக்கு மேலால் எட்டிக் கூட்டைப் பறித்தெடுத்தார். பையின் வாய்க்கு மேலே அவர் கை அப்படியே நின்றுவிட்டது. உள்ளங்கைக்குள் சரசரவென்று ஏதோ புரண்டது. எனக்கும் கேட்டது.

அக்கா கூட்டைச் சருகுக்குள் வைத்து, பையை மடித்தார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கான நினைவு மலருக்கு இதை எழுத உட்கார்ந்த இன்று காலை, கூடு திறந்தது. கசங்கிய ஈரச் சிறகோடு ஏறி, கௌரி இன்னும் உடுப்புக் கொடியிலிருந்து எடுக்காத, அண்ணை உடுத்த சாரத்தைப் பிடித்துத் தொங்குகிறது. சிறகு மெல்ல மெல்ல விரிகிறது. பூரணம் அக்கா ஒரு கிண்ணத்தில் பால் கொண்டுவந்து அதன் கீழே வைத்தார்.

"அக்கா, அதுக்கு வாய் இல்லை."

"தெரியும் பிள்ளை. தம்பியும் கடைசிக் கிழமை ஒண்டும் குடிக்கேல்லை. அவனுக்கும் கொண்டுபோனனான் தானே."

மலைப்பக்கம் பேர்ச் மரங்கள் தளிர்த்துவிட்டன. பொழுதுபட்டால் இது பறந்துவிடும். அண்ணை, பெட்டியை நாங்கள் உள்ளே எடுக்கவில்லை. போய் வாருங்கள்.