இடது கைப் பக்கம்

அக்காவுக்கு ரெண்டு கிட்னியும் போய்விட்டது என்று டாக்டர் சொன்ன அன்று நான் அழவில்லை. வண்டிக்கு எங்கே பெட்ரோல் போடலாம் என்று யோசித்துக்கொண்டு நின்றேன். அப்புறமும் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. வாரத்துக்கு மூணு நாள் காலையில் சாக்கோட்டையிலிருந்து அவளை ஏற்றிவந்து காரைக்குடியில் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிடுவேன். மாடியில் டயாலிசிஸ், நாலு மணி நேரம். நான் என் செல்போன் ரிப்பேர் கடைக்குப் போய்விட்டு மத்தியானம் வந்து கூட்டிப்போவேன். அந்த மாடிப்படியில் ஏறினதே கிடையாது.

கூடப்பிறந்தவன் என்பதால் என் கிட்னி அவளுக்குச் சேருமா என்று பார்க்கலாம் என்றார் டாக்டர். முதலில் கொஞ்சம் ரத்தம் எடுத்தால் போதும், கீழே லேபிலேயே அஞ்சு நிமிஷ வேலை என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். மடித்து போன் கவருக்குள் செருகினேன். எனக்குப் பயம். இதில் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை.

ஒருநாள் வண்டியில் வரும்போது, அந்த நாலு மணி நேரம்தான் நகரவே மாட்டேங்குது என்றாள் அக்கா. அத்தா சவூதியிலிருந்து கொண்டுவந்த டிவி கேம் இருந்தாலாவது பொழுது போகும் என்று சிரித்தாள். சின்ன வயசில் ரெண்டு பேரும் அதற்காக அடித்துக்கொள்வோம். நான் அந்தப் பேச்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். குள்ளன் ஒருத்தன் ஓடிக் குழி தாண்டுகிற அந்த விளையாட்டைப் போனிலேயே ஏற்றிக் கொடுத்திருக்கலாம், பத்து நிமிஷ வேலை. எனக்குப் பத்து நிமிஷ வேலை வேண்டியிருக்கவில்லை.

பரணிலிருந்து பெட்டியை இறக்கிப் பிரித்தேன். மடியில் வைத்து விளையாடுகிற மாதிரி சுருக்க வேண்டும். போர்டில் வேண்டாத பாகத்தை ரம்பத்தால் அறுத்தேன். பெத்த அத்தா வாங்கிவந்த சாமானை அறுக்கிறோமே என்றுகூடத் தோன்றவில்லை. கார் ரிவர்ஸ் கேமராவுக்கு வைக்கிற குட்டி ஸ்கிரீன், பவர் பேங்க் பேட்டரி, மேலுக்கு கரண்டுக்காரர் சுவரில் பதிக்கிற பிளாஸ்டிக் ஸ்விட்ச் பெட்டி. பழைய ஜாய்ஸ்டிக்கை நடுவில் வெட்டி, முன்னே பின்னே நகர்கிற பட்டனை இடது பக்கமும் குதிக்கிற பட்டனை வலது பக்கமும் வைத்தேன். முடி மாதிரி ஒயர்கள், ஒவ்வொன்றாய்ப் பற்றவைக்கணும். ரிப்பேருக்கு வந்த போன்கள் குவிந்து கிடந்தன. கொடுத்தவர்கள் வந்து கத்திவிட்டுப் போனார்கள். டாக்டர் என்னமோ சீட்டு கொடுத்தாராமே என்று அம்மா கேட்டார். வேலையா இருக்கேன்மா என்றேன். அக்கா ஒருதடவைகூடக் கேட்கவில்லை. இப்படியே நாலு மாசம்.

வேலை முடிந்த அன்று முதல்முறையாக மாடிக்குப் போனேன். வரிசையாகக் கட்டில், கட்டிலுக்கு ஒரு மெஷின். அக்காவின் இடது கை ஒரு தலையணை மேல் நீட்டிக் கிடந்தது. அதில் ரெண்டு ஊசி, பிளாஸ்திரி, ரத்தம் ஓடுகிற ட்யூப். நரம்பு கயிறு கணக்காய்ப் புடைத்திருந்தது. வண்டியில் வரும்போது துப்பட்டாவைப் போர்த்தித்தான் உட்கார்ந்திருப்பாள். வயசுக்கு வந்த அக்காவின் கையை எந்தத் தம்பி உற்றுப் பார்க்கிறான்? ஊசி எந்தக் கையில் என்று நான் கேட்டதும் இல்லை.

பெட்டியை மடியில் வைத்தேன். வலது கையால் ஸ்விட்சைப் போட்டாள். அந்தப் பழைய பாட்டு வந்ததும் முகம் மலர்ந்தது. திரையில் அந்தக் குள்ளன் வந்து நின்றான். குதிக்கிற பட்டனை அழுத்தினாள், குதித்தான்.

"இந்தக் கைய அசைக்கக் கூடாதுடா," என்றாள்.

குள்ளன் நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டிருந்தான். எனக்கு அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை. இன்னும் ஒரு மாசம் கொடு, எல்லாப் பட்டனையும் வலது பக்கமே மாத்தித் தாரேன் என்றேன்.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லித் தொலையேன். இதுக்கு எதுக்குடா இம்புட்டு வேல?"

"பயமா இருக்குக்கா."

"எனக்குந்தான்," என்றாள்.

நான் கட்டிலோரம் குனிந்து பெட்டியின் இடது பக்கத்தைப் பிடித்தேன். நான் நகர்த்த, அவள் குதிக்க, முதல் குழியிலேயே விழுந்தோம். நீ எப்பவும் இப்பிடித்தான், அவசரக் குடுக்கை என்று திட்டினாள். நர்ஸ் வந்து, வெளியே இருங்கண்ணே என்றார்.

கீழே இறங்கி போன் கவரைக் கழற்றினேன். சீட்டு மடிப்பில் இற்றுப்போயிருந்தது. தரையைக் கூட்டிக்கொண்டிருந்த ஆயாவிடம், லேப் எங்குட்டு இருக்கு என்று கேட்டேன். அங்குட்டுப் போங்க என்று விளக்குமாற்றாலேயே காட்டினார்.

ரத்தம் எடுக்கிற பெண், எந்தக் கையில் எடுக்கட்டும் என்று கேட்டாள். இடது கையை நீட்டினேன்.