வரைபடத்தில் வைத்த விரல்

ஓய்வு பெற்று ஒன்பது ஆண்டுகள் கழித்து என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். பௌர்ணமி கிரிவல ஏற்பாட்டுக் கூட்டம். எந்தத் தெருவை எத்தனை மணிக்கு அடைப்பது, எந்த முனையில் தடுப்பு கட்டினால் யார் சண்டைக்கு வருவார்கள் என்பதெல்லாம் அறிந்த கடைசிக் கண்காணிப்பாளர் உயிரோடு இருக்கிறார் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

எனக்கும் ஒரு காரியம் இருந்தது. என்னிடம் இருபத்திரண்டு ஆண்டுகள் அலுவலக உதவியாளராக இருந்தவர் அடி அண்ணாமலையில் குடியிருக்கிறார். இரண்டு சிறுநீரகமும் பழுது. வாரம் மூன்று நாள் பெரிய ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். இந்தப் பௌர்ணமி அவருடைய முறை நாளில் வந்தது. மூன்று மணிக்கு இயந்திரம். தவறினால் வேறு யாராவது வராமல் போகும்வரை காத்திருக்க வேண்டும். சென்ற மாதம் ஒரு முறை தவறி, இரண்டு நாள் மூச்சுவிட முடியாமல் உட்கார்ந்தே தூங்கியிருக்கிறார். அவர் தெருமுனையில் ஓர் ஆட்டோ நுழையும் அளவுக்குத் தடுப்பில் இடைவெளி விட்டால் போதும். கிரிவலப் பாதையைக் குறுக்கே கடந்து எதிர்ச்சாலைக்குப் போய்விடலாம்.

கூட்ட அறையின் சுவரில் இரட்டைக் கதவு அளவுக்கு ஒரு தொடுதிரை. அதில் ஊரும் மலையும் பாதையும் வரைபடமாகக் கிடந்தன. அதை நிறுவிய கம்பெனியின் பொறியாளர், என் மகள் வயதுப் பெண், விளக்கினார்.

“மவுஸ் வேணாம் சார், கீபோர்டு வேணாம். பேப்பர்ல எப்படிக் காட்டுவீங்களோ அப்படியே விரலால காட்டுங்க. நீங்க பேசறதையும் அதுவே குறிச்சிக்கும்.”

நியாயமாகச் சொல்ல வேண்டும், நன்றாகத்தான் இருந்தது. என் காலத்தில் நான்கு துறைகளும் நான்கு வரைபடம் வைத்திருக்கும். பௌர்ணமியன்று அவை ஒன்றையொன்று முதன்முதலாகச் சந்திக்கும். இங்கே எல்லோரும் ஒரே படத்தைத் தொட்டார்கள். வர முடியாத இருவர் தங்கள் அலுவலகத்திலிருந்தே கோடு இழுத்தார்கள். அது இங்கே நிறம் மாறித் தெரிந்தது. மூன்று நாள் வேலை அரை மணியில் முடிந்தது. நான் இடைவெளி கேட்டதும் காவல் ஆய்வாளர், “ஆட்டோ போற அளவுக்கு கேப் விட்டுடலாம் சார்” என்றார். அந்தப் பெண் தெருமுனையில் ஒரு பச்சைக் குறி வைத்தார். ஒரு கடிதம் இல்லை, ஒரு நினைவூட்டல் இல்லை. எனக்கே கொஞ்சம் அவமானமாக இருந்தது.

பிறகு யாரோ, அந்த வளைவில் கூட்டம் தேங்காதா என்று கேட்டார். எழுந்து போய் விரலால் காட்டி விளக்கினேன். முப்பது ஆண்டுகள் அப்படித்தான் வரைபடங்களின்மேல் விரல் ஓட்டியிருக்கிறேன். அதற்காக ஒரு தெருவும் அசைந்ததில்லை.

அன்று மாலை என் பழைய உதவியாளருக்குப் போன் செய்து, இடைவெளி வாங்கிவிட்டதாகச் சொன்னேன். பெருமையாகவே சொன்னேன்.

பௌர்ணமியன்று காலை பதினோரு மணிக்கு அவர் மனைவி அழைத்தார்.

“சார், நம்ம தெரு முனையில கட்டை கட்டிட்டாங்க. கேட்டா மேப்புல அப்படித்தான் இருக்குதுன்றாங்க.”

அலுவலகத்துக்கு ஓடினேன். அதிகாரிகள் எல்லோரும் களத்தில். கூட்ட அறையில் பொறியாளர் மட்டும் இருந்தார். படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். பச்சைக் குறி தெருமுனையில் இல்லை. வெகுதூரம் தள்ளி, ஒரு பழைய மடத்தின் மதில் முன்னால் இருந்தது. யாரோ விஷமம் செய்திருக்கிறார்கள் என்று எனக்கு உள்ளூர ஒரு தெம்பு வந்தது. தவறு செய்தவர் ஒருவர் இருந்தால், அவருக்கு மேல் ஒருவர் இருப்பார், அவருக்கு எழுதலாம்.

“யார் மாத்தினாங்கன்னு பதிவு இருக்குமாம்மா?”

“இருக்குது சார்.” கொஞ்சம் தயங்கிவிட்டு ஓடவிட்டார்.

திரையில் வரைபடம். கூடவே என் குரல்: “இங்கேர்ந்து இங்க வரைக்கும் ஜனம் நிக்காம போகணும்.” என் குரலோடு சேர்ந்து பச்சைக் குறி தெருமுனையை விட்டுக் கிளம்பி, நிதானமாக, பக்திமான்போல வலம் போய் மதிலருகே நின்றது.

“விரல எடுக்காம இழுத்துட்டீங்க சார்.”

“நான் காட்டினேன்மா.”

“அதுக்கு ரெண்டும் ஒண்ணுதான் சார்.”

“யாரும் பாக்கலையா?”

“நான் பாத்தேன். நீங்க மாத்தறீங்கன்னு நெனச்சேன். உங்களுக்குத்தான எல்லாம் தெரியும்.”

பேசுவது ஒன்று, குறிப்பு எழுதுவது ஒன்று, ஆணையிடுவது ஒன்று. இந்த மூன்றுக்கும் நடுவில் கிடந்த தாமதத்தில்தான் என் பிழைகள் எல்லாம் பிடிபட்டிருக்கின்றன. அதைத்தான் ஊரெல்லாம் சிவப்பு நாடா என்று திட்டியது. நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

ஒப்புதலான படத்தை இனி அதிகாரியின் கைரேகைதான் திறக்குமாம். அவர் கோயிலுக்குள் ஒரு பிரமுகரோடு இருந்தார், போன் அணைந்திருந்தது. பெறுநர், பொருள், பார்வை, நகல் மூவருக்கு என்று முறைப்படி ஒரு மனு எழுதினேன். வாங்கி முத்திரையிட ஆள் இல்லை. அந்தப் பெண் இரக்கப்பட்டு அதைப் படம் எடுத்து அதிகாரிகளின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். மூன்று பேர் கும்பிடும் கைகளை அனுப்பினார்கள்.

அடி அண்ணாமலை போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டைத் தாண்டிவிட்டது. தெருமுனையில் சவுக்குக் கட்டைகள். தெருவுக்குள் ஆட்டோ, அதற்குள் அவர். காவலர் கீழ்பென்னாத்தூர்க்காரர், மரியாதையான பிள்ளை. போனில் அந்த வரைபடத்தைத் திறந்து நீட்டினார்.

“பாருங்க சார், இங்க கேப் இல்ல. அவுத்தா கேமராவுல தெரியும், என்னைத்தான் கேப்பாங்க. கேப் அங்க இருக்குது.”

“அங்க மதில் இருக்குப்பா.”

“ஆமா சார், மதில்தான் இருக்குது.”

ஆட்டோவிலிருந்து அவர் மெதுவாக இறங்கி வந்தார். “இன்னா சார், ஃபைல் திரும்பி வந்துடுச்சா?”

நடந்ததைச் சொன்னேன். என் விரல்தான் என்பதையும் சொன்னேன். அவர் என் கையை ஒரு முறை பார்த்தார்.

“ஒரு கையெழுத்துக்கு மூணு தடவ படிப்பீங்க. வாசல்ல நின்னுகினு மனசுக்குள்ள எவ்ளோ திட்டியிருக்கேன் தெரியுமா?”

இங்கே இடைவெளி இல்லாததால் எதிர்ச்சாலையிலும் வண்டி விடவில்லை, ஆட்டோ வரக்கூடிய அடுத்த இடைவெளி ஒன்றரைக் கிலோமீட்டர் என்றார் காவலர். வேறொரு ஆட்டோவை அங்கே வரச் சொல்லிவிட்டு, கட்டைக்கு அடியில் குனிந்து வெளியே வந்தோம். காவலர் அவர் தலை இடிக்காமல் கையை வைத்துக்கொண்டார். ஒரு பக்கம் மனைவி, ஒரு பக்கம் நான். இருநூறு அடிக்கு ஒரு தரம் உட்கார்ந்தார்.

“இருபத்திரண்டு வருஷம் உங்க ஃபைல நான் தூக்கினேன். இப்ப நீங்க தூக்கறீங்க. சரியாப் போச்சு” என்றார். அதற்கே மூச்சு வாங்கியது.

வேண்டுதலுக்கு நடக்கிறார் என்று நினைத்து ஜனங்கள் வழிவிட்டார்கள். ஒருவர் மோர் கொடுத்தார். அவர் வாங்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். “தண்ணி கம்மியாத்தான் குடிக்கணும், குடுங்க” என்று மனைவி பிடுங்கிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியை அடைந்தபோது நான்கே கால். அவருடைய இயந்திரத்தில் வேறொருவர் படுத்திருந்தார்.

“மூணு மணின்னு சொன்னோம்ல?” என்றார் நர்ஸ். “பேர வெயிட்டிங்ல போட்டிருக்கேன். நாளைக்கு யாராவது வரலன்னா கூப்பிடறோம். நடுவுல மூச்சு வாங்கினா உடனே கேஷுவாலிட்டிக்கு வந்துடுங்க.”

அவர் பெஞ்சில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். நாளைக்கு எவரோ ஒரு நோயாளி வராமல் போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நர்ஸின் மேசையில் தட்டையான ஒரு கணினி. அதில் காத்திருப்போர் பட்டியல்.

“இதுல எது உங்க பேஷண்ட், காட்டுங்க” என்று என் பக்கம் திருப்பினார்.

விரல் நீண்டுவிட்டது. கண்ணாடிக்கு ஒரு சாண் முன்னால் நிறுத்தி, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

“மேலேர்ந்து மூணாவதும்மா” என்றேன். “நீங்களே பாத்துக்குங்க.”