சீதன வீட்டுச் சுவரில் தேனீ

எங்கள் பகுதியில் ஆண்பிள்ளைக்கு வீடு கிடையாது. பிறந்த வீடு அம்மாவுடையது. அது சகோதரிக்குப் போகும். கலியாணம் முடித்துப் போய்க் குடியிருக்கும் வீடு மனைவியுடையது. அது மகளுக்குப் போகும். இடைப்பட்ட காலத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரையும், சட்டை கொழுவுவதற்குச் சுவரில் ஓர் ஆணியும் நமக்கென்று ஒதுக்கப்படும். செட்டிபாளையத்தில் என் ஆணி இன்னும் உறுதியாகத்தான் இருக்கிறது. பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இதுவே அதிகம் என்று மனைவி நினைப்பதாகத் தெரிகிறது. நான் விசாரித்ததில்லை.

அடுத்த வளவு மனைவியின் அக்காவுடையது. கணவர் வருத்தம் வந்து காலமான பிறகு அக்கா அந்த மணல் தரையில் பூசணிக்கொடி போட்டார். கிணற்றில் அள்ளி, பூவாளியால் ஊற்றி, காய்களை மட்டக்களப்புச் சந்தைக்கு அனுப்பி, அந்தக் காசில் தன் ஒரே மகளுக்குச் சீதன வீடு கட்டினார். பூசணி பூசணியாக எழும்பிய வீடு அது. ஒரு போகம் அத்திவாரமானது, இன்னொரு போகம் சுவரானது. மழை கெடுத்த வருடத்தில் ஒன்றுமே ஆகவில்லை. கடைசியில் கூரையும் பூச்சும் மட்டும் மிச்சம். மகளுக்கு மாப்பிள்ளை பேசி, பொருத்தமும் பார்த்தாகிவிட்டது. வீடு முடிந்தால் கலியாணம். முடியாவிட்டால் என்ன என்ற கேள்வியை எங்கள் ஊரில் யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை.

மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பிய வாரத்தில்தான் தேனீக்கள் வந்தன.

பூசாத சுவர். சாரக் கம்பை உருவிய இடத்தில் ஓர் ஓட்டை. சிமெந்துக் கல்லுக்குள் வெற்றிடம். இதைவிட வசதியான வீடு ஒரு தேனீக் கூட்டத்துக்கு எங்கே கிடைக்கும்? பூச வந்த மேசன் கரண்டியை வைத்த கையோடு உதட்டில் கொட்டு வாங்கிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினார்.

"அக்கா, இது குளவி. மலைநாட்டில கொழுந்து பறிக்கிற ஆக்களக் கொட்டிச் சாக்காட்டுதே, அந்தச் சாமான். எனக்குப் பொண்டாட்டி புள்ள இரிக்கி" என்றார், வீங்கிய வாயால்.

நான் எங்கள் வீட்டு யன்னல் வலைக்குப் பின்னால் நின்றபடி அறிவைப் பரப்பினேன். "அது குளவி இல்ல அக்கா, தேனீ."

"கொட்டினா நோகுமா நோகாதா தம்பி?"

"நோகும்."

"அப்ப என்ன பேரா இருந்தா என்ன?"

தேனீக்குப் பயப்படுவது மூடத்தனம் என்று எழுதுகிறவர்கள் அநேகமாகக் கொட்டு வாங்காதவர்கள். எனக்கும் பயம்தான். காதருகில் அந்த ரீங்காரம் கேட்டால் வாசித்த புத்தகங்கள் எல்லாம் ஒரே நொடியில் மறந்து, கால்கள் மட்டும் ஞாபகத்தில் நிற்கின்றன. எங்கள் மாவட்டத்தைத் தேன்நாடு என்று மேடைதோறும் புகழ்வோம். கூட்டம் கலைந்ததும் கடையில் சீனிப்பாணியைத் தேன் என்று வாங்கிக்கொண்டு போவோம். தேன் வேண்டும், ஈ வேண்டாம். நானும் அந்தக் கட்சிதான்.

ஆனாலும் அன்று மாலை அக்கா வீட்டு வாசலில் உட்கார்ந்து விளங்கப்படுத்தப் பார்த்தேன். பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. விடியலில் விரிந்து வெயில் ஏறுமுன் கூம்பிவிடும். அதற்குள் யாராவது ஆண் பூவின் மகரந்தத்தைப் பெண் பூவில் சேர்க்க வேண்டும். தேனீ நமக்காக ஒன்றும் செய்வதில்லை. தன் வீட்டுக்குச் சாப்பாடு தேடி அலைகிறது. அந்தப் போக்குவரத்தில் நமக்கும் சாப்பாடு விழுகிறது. அந்தக் கூட்டுக்குள் எங்கள் ஊர் வழக்கம்தான்: வீடு தாயுடையது, உழைப்பதெல்லாம் மகள்கள்.

அக்காவின் மகளுக்கு இது பிடித்துப்போனது. "அப்ப ஆண் தேனீ என்ன செய்யும் சித்தப்பா?"

"ஒண்டும் செய்யாது புள்ள. திண்டுபோட்டு இரிக்கும்."

"மறுகா?"

"பஞ்சம் வந்தா வெளியில தள்ளிப்போடுவாங்க."

"நல்ல முறை" என்றார் என் மனைவி, வேலிக்கு அந்தப் பக்கமிருந்து.

எல்லோரும் சிரித்தோம். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "பகிடியெல்லாம் சரி. அவங்க வந்து நிக்கக்குள்ள மாப்பிளட தாய்க்குக் கொட்டினா? பால் காய்ச்ச முதலே வேற ஒரு சாதி குடியிருந்த வீடு எண்டு ஒரு கதை கிளம்பினாப் போதும் தம்பி, எல்லாம் முடிஞ்சிரும்."

கூட்டை உயிரோடு எடுத்துப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு நாள் தொலைபேசியில் அலைந்து ஒருவரைப் பிடித்தேன். வருகிறேன் என்றார், ஆனால் அடுத்த மாதம். வீடு பார்க்கிற நாளைத் தள்ளிவைக்கலாமே என்று அக்காவிடம் கேட்டேன்.

"என்னெண்டு சொல்லித் தள்ளுற? சுவருக்குள்ள பூச்சி இரிக்கி, கொஞ்சம் பொறுங்க எண்டா?"

அவர் சொன்னதும் சரிதான். அவருக்கு இருந்தது ஒரு மகள், ஒரு மாப்பிள்ளை, ஒரு தவணை. எனக்கு இருந்தது கருத்து.

பொழுதுபடுகிற நேரம், தேனீக்கள் எல்லாம் அடைந்த பிறகு, மேசன் சாக்கைத் தலையில் போர்த்திக்கொண்டு வந்தார். ஓட்டைக்குள் மண்ணெண்ணெய் விட்டு, தென்னோலைப் பந்தத்தைக் கொளுத்திப் பிடித்தார். சுவர் முனகியது. அதை வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. ஒரு பழைய மோட்டார் நின்றுபோகுமுன் இழுத்து இழுத்து ஓடுவதுபோல. பிறகு ஓட்டையைச் சிமெந்தால் அடைத்தார். விடிந்து பார்த்தால், எங்கோ வெளியில் தங்கிவிட்ட சில தேனீக்கள் திரும்பி வந்து அந்த ஈரச் சிமெந்தை மொய்த்துக்கொண்டிருந்தன. கல்லின் வெடிப்பு வழியாகத் தேன் கசிந்து இறங்கியிருந்தது. அக்காவின் மகள் விரலால் தொட்டு வாயில் வைத்துவிட்டுத் துப்பினாள். மண்ணெண்ணெய்.

சுவரை அவசரமாகப் பூசி முடித்தார்கள்.

மாப்பிள்ளை வீட்டார் வான் வண்டியில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையின் தாய் நல்ல மனுசி. கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தார், குசினியில் அடுப்பு எந்தப் பக்கம் என்று கேட்டார், அறைக்குள் வந்து நின்று மூக்கை உறிஞ்சினார்.

"தேன் மணம் மாதிரி ஒண்டு வருகுது. கூடு கீடு இரிக்கா மச்சாள்?"

அக்கா புதிதாகப் பூசிய சுவரை மறைத்தபடி நின்றார். "இல்லயே. அப்பிடி ஒண்டும் இரிக்கல்ல."

"இருந்தாலும் நல்லதுதான். எங்கட வீட்டு முகட்டிலயும் ஒண்டு கிடக்கு. நாங்க கலைக்கிறல்ல. அது தானா வந்து இருந்தா அந்த வீட்டுக்கு ஒரு சிறப்பு."

அக்கா என்னைப் பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்க்கவில்லை. நல்ல வேளையாகப் பலகாரம் வந்தது. வீடு பிடித்துவிட்டது, தைக்குள் கூரை போட்டுவிட்டால் நாள் குறிக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

கூரைக்கு ஒரு போகத்துக் காசு போதும். கொடியும் அந்த முறை நன்றாகத்தான் ஓடியது. காலையில் எழுந்து பார்த்தால் வளவு முழுக்க மஞ்சள். பெண் பூவின் அடியில் சின்னக் குமிழாகப் பிஞ்சு இருக்கும். நாலைந்து நாளில் அது பழுத்துச் சுருங்கி மணலில் விழுந்து கிடக்கும். அக்கா உரத்தை மாற்றினார். கண்ணூறு என்று ஒரு கரிச்சட்டியைக் கம்பில் கவிழ்த்தார். தண்ணீர் கூடிவிட்டதோ என்று குறைத்தார், குறைந்துவிட்டதோ என்று கூட்டினார்.

அந்த ஒரு கூட்டை எரித்ததால்தான் இப்படி என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. சுற்றிலும் மிளகாய்த் தோட்டங்கள். வாரம் தவறாமல் மருந்து அடிக்கிறார்கள். வேறு கூடுகள் எப்போதோ போயிருக்க வேண்டும், நாங்கள் கவனிக்கவில்லை. சுவருக்குள் வந்தவை, மிஞ்சியவற்றில் கடைசியாக இருந்திருக்கலாம். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: ஒரு விடியலில் கதிரையைக் கொண்டுபோய் பூக்களுக்கு நடுவே போட்டு, அவை கூம்பும்வரை உட்கார்ந்திருந்தேன். எறும்பு வந்தது. ஒரு வண்ணத்துப்பூச்சி வந்து, யோசித்து, போய்விட்டது. வேறு யாரும் வரவில்லை. பயப்படுவதற்கு ஒன்றும் இல்லாத தோட்டம். அப்படியொரு பயத்தை நான் முன்பு அறிந்ததில்லை.

பிறகு நாங்களே தேனீக்களானோம். ஆண் பூவைக் கிள்ளி, இதழை உரித்து, உள்ளே இருக்கும் மகரந்தத் தண்டைப் பெண் பூவில் தொட்டுவிட வேண்டும். அக்காவும் மகளும் ஒரு பக்கம், நான் கண்ணாடியும் முதுகு வலியுமாக மறுபக்கம். குனிந்து, தொட்டு, நிமிர்ந்து, 'ஐயோ' என்று, மறுபடி குனிந்து. பாதி வளவு முடியுமுன் வெயில் ஏறி, பூக்கள் கடையைச் சாத்திவிடும்.

வேலியோரமாகப் போன அடுத்த வீட்டுக்காரர் சைக்கிளை நிறுத்தினார். "என்ன எழுத்தாளர், பூசணிக்கு மாப்பிள பாக்கிறீங்களோ?"

நான் ஏதாவது சொல்வதற்கு முன் அக்காவின் மகள் நிமிர்ந்தாள். "ஓம் மாமா. இதுகள் வீடு வாசல் கேக்கிறல்ல."

அவர் சிரித்துக்கொண்டு மிதித்தார். அவள் சிரிக்கவில்லை.

காய் பிடித்ததுதான். கொஞ்சம். ஒழுங்காகத் தொடாதவை ஒரு பக்கம் பருத்து மறுபக்கம் சூம்பி, கோபித்துக்கொண்ட முகங்கள்போல வந்தன. சந்தை வியாபாரி ஒன்றைத் தூக்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்கு என்ன வாதமா?" என்று கேட்டுத் திருப்பி வைத்தார். அந்தக் காய்கள் ஒரு கூரைக்கு அல்ல, கூரைக்குக் கயிறு வாங்கவும் காணாது.

தை வந்து போனது. மாப்பிள்ளையின் தாய் தொலைபேசியில் மரியாதையாகத்தான் பேசினார். பொடியனுக்கு வயது போகிறதாம், ஆனாலும் பார்ப்போமாம். 'பார்ப்போம்' என்ற சொல்லை எங்கள் ஊரில் கதவு சாத்துவதற்குப் பயன்படுத்துவார்கள். அன்று மாலையே அக்காவின் மகள் முடிவெடுத்துவிட்டாள். வெளிநாட்டில் வீட்டு வேலை. ஓர் ஒப்பந்தம் முடித்தால் கூரை போடலாம், தரைக்கு மாபிளும் பதிக்கலாம்.

"அதுவரைக்கும் அவங்க நிக்க மாட்டாங்க புள்ள" என்றேன்.

"தெரியும் சித்தப்பா. வீடு நிக்கும்தானே."

அக்கா அவளைத் தடுக்கவில்லை. தடுத்துவிட்டு என்ன கொடுப்பார்? மகளை ஏற்றிப்போக வான் வண்டி வந்த காலையில் பையைத் தூக்கிக் கொடுத்தார், வண்டிக் கதவைச் சாத்தினார், பூவாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டார்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் அழைப்பாள். போன வாரம் வீட்டைக் காட்டச் சொன்னாள். அக்கா போனைப் பிடித்துக்கொண்டு அறை அறையாக நடந்தார்; நானும் பின்னால் போனேன். கூரை இல்லாத அறையில் மழை விழுந்து, எங்கிருந்தோ வந்த ஒரு விதை முளைத்து, கொடி யன்னல் வரைக்கும் ஏறியிருந்தது. பெரிய பெரிய மஞ்சள் பூக்கள்.

"உன்ட அறைக்குள்ள பூத்திருக்கு பார் மகள்" என்றார் அக்கா.

"காய் புடிச்சிரிக்கா?"

அக்கா போனை என் கையில் தந்துவிட்டு வெளியே போனார்.

"இன்னும் இல்ல புள்ள" என்றேன்.

"ஏன், நீங்க தொட்டுவிடல்லயா?"

"தொட்டன். விடியவே வந்து தொட்டன்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அங்கே யாரோ அதட்டுகிற சத்தம் கேட்டது. "மேடம் கூப்பிடுறா, வைக்கிறன்" என்றாள். திரை கறுத்தது. நான் அந்த அறையில், மேலே வானமும் கையில் போனுமாக நின்றுகொண்டிருந்தேன். அக்கா வெளியிலிருந்து, "என்னவாம்?" என்று கேட்டார்.

"ஒண்டும் இல்ல அக்கா. வேலையாம்."