இரண்டு கோயிலும் ஒரு வாளியும்

சபைகளை ஒன்றுசேர்க்கிற வேலையில் வேதாகமம் தெரிவதைவிட, யாருக்கு முதலில் தேத்தண்ணி கொடுப்பது என்று தெரிவதுதான் முக்கியம். இதில் உழன்றவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஓர் ஊரில், கத்தோலிக்கரையும் புரட்டஸ்தாந்துக்காரரையும் சமூகப் பணியில் சேர்க்கும் குழுவுக்கு நான் செயலாளராக இருந்தேன். தொண்ணூறாம் ஆண்டில் ஷெல்லடிக்குத் தப்பி வந்த சனம் பள்ளிக்கூடத்தில் தங்கியது. அதில் சில குடும்பங்களைச் சாதி சொல்லி ஊரவர் கிணற்றடிக்கு விடவில்லை. குளத்துத் தண்ணீர் குடித்துப் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம். இரண்டு சபைகளின் கோயில் வளவிலும் நல்ல கிணறு இருந்தது. அவற்றைத் திறந்துவிடக் கேட்டோம்.

ஆமென்

முதற்கூட்டத்தைக் கர்த்தர் கற்பித்த செபத்தோடு தொடங்கினோம். கத்தோலிக்கர் ஆமென் சொல்லி உட்கார்ந்துவிட்டார்கள். மற்றவர்கள் 'ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்' என்ற தங்கள் கடைசி வரியையும் நின்றபடி சொன்னார்கள். யார் கூட்டினது, யார் குறைத்தது என்று வாக்குவாதம். பொழுதுபட்டுவிட்டது, கிணற்றுப் பேச்சே வரவில்லை. போகும்போது கத்தோலிக்கக் கோயில் பாதர் சொன்னார்:

"உவையின்ரை செபம் எந்த இடத்திலை முடியுது எண்டு கேட்டு வையும், பிள்ளை. மற்றதை அடுத்த மாதம் கதைப்பம்."

பிரசங்கம்

ஆனாலும் பாதரும் புரட்டஸ்தாந்துப் போதகரும் மனம் வைத்தார்கள். ஒரே ஞாயிறு இருவரும், யூதர் தீட்டென்று ஒதுக்கிய சமாரியப் பெண்ணிடம் இயேசு கிணற்றடியில் தண்ணீர் கேட்டதையே பிரசங்கித்தார்கள். எனக்குக் கண் கலங்கியது. போதகரின் கோயில் வாசலில் சபை மூப்பர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், என்னைக் கூப்பிட்டார்.

"அருமையான பிரசங்கம். ஆனா உந்தக் கிணறு சமாரியாவிலையெல்லோ கிடக்கு, எங்கடை வளவுக்குள்ளை இல்லையே."

தீர்மானம்

பள்ளிக்கூடத்தில் அப்படி ஒதுக்கப்பட்ட குடும்பத்து மரியம்மா, ஞாயிறு தவறாமல் பாதரிடம் நன்மை, அதாவது நற்கருணை அப்பம், எடுக்கிறவள். சின்னவனுக்கு வயிற்றோட்டம் நிற்காததால் ஒருநாள் பாதரின் வளவுக்குள் போய்த் தானே வாளியை இறக்கினாள். பொழுதுபட முன்னம் இரண்டு கிணற்றிலும் கயிறுமில்லை, வாளியுமில்லை.

மறுநாள் பின்னேரம் இரண்டு கோயிற் பெரியவர்களும் ஒரே வாங்கில் அருகருகே இருந்து, வாக்குவாதமில்லாமல் முடிவெடுத்தார்கள்: கோயில் ஆட்கள் அள்ளி ஊற்றுவார்கள், வந்த சனம் வாளியைத் தொடக்கூடாது. பாதரும் போதகரும் நிலத்தைப் பார்த்துத் தலையாட்டினார்கள். நான் எழும்பிக் கத்தினேன். ஒருவரும் திரும்பவில்லை.

மரியம்மாவிடம் சொன்னேன். அவள் மூட்டை கட்டத் தொடங்கினாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகமுன்னம் கேட்டாள்:

"என்ரை நாக்கிலை நன்மை வைக்கிற பாதருக்குப் படாத தீட்டு, வாளிக்கு மட்டும் எப்பிடிப் படுது, மிஸ்?"

சபைகள் ஒன்றுசேராது என்று இனி யாரும் என்னிடம் சொல்லவேண்டாம். ஒரு பெண்ணைக் கிணற்றடிக்கு விடாமலிருக்க அவை ஒரே பின்னேரத்தில் ஒன்றுசேர்ந்ததை நான் பார்த்தவள்.